சராசரிச் சம்பளம்

அத்தியாயம் 9

போன வாரம் பெரியவளைக் குளியலறைக்குள் விட்டுவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அம்மா வெளியிலிருந்து இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டாள். குழாய் திறந்திருக்கிறது, வாளி நிரம்பி வழிகிறது, ஆனால் குளிக்கிற சத்தம் மட்டும் இல்லை.

இடையில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர்களுடைய உண்மையான பெயர்கள் பெற்றவர்களுக்கே சட்டென்று வாயில் வராது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடித்து அடுக்குகிறாள். பெரியவள் வங்கியில் கடன் வாங்கி பிசினஸ் எகனாமிக்ஸ் படித்தாள். இப்போது ஒரு பெரிய கம்பெனியில் மாதம் ஐம்பத்தையாயிரம் வாங்குகிறாள். இது வீட்டுக்குத் தெரிந்த கதை.

நமக்குத் தெரிந்த கதை வேறு. அந்தக் கம்பெனி அவளை ஏழே மாதத்தில் அனுப்பிவிட்டது. ஐம்பத்தையாயிரம் என்பது வேலை நிரந்தரமானால் தருவதாகச் சொன்ன தொகை. நிரந்தரமாகும் என்று நம்பி, அந்தத் தொகையை முதல் நாளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அவசரக்குடுக்கை. வேலை போன பிறகு அதைத் திருத்தியிருக்கலாம். இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பதினான்கு மாதம் ஓடிவிட்டது. பதினான்கு மாதமாக அவள் ஒரு வீட்டுச் சாமான் கடையில், வாங்கியது பிடிக்கவில்லை என்று ஜனங்கள் திருப்பிக் கொண்டுவரும் பொருள்களை வாங்கிக்கொள்ளும் கவுண்டரில் நிற்கிறாள். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டை விட்டுக் கிளம்பி, கடைக் கழிப்பறையில் ஊதா நிறச் சீருடைக்கு மாறிக்கொள்கிறாள். தெரிந்தவர்கள் யாரும் ரிப்பேரான கெட்டிலோடு வந்துவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய தினசரிப் பிரார்த்தனை. சம்பளம் இருபத்து மூவாயிரத்து அறுநூறு. அதில் கடன் தவணைக்கு ஒன்பதாயிரத்து இருநூறு, வீட்டுக்குப் பத்தாயிரம். மிச்சத்தைச் சேமிப்பில் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். மிச்சம் பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் சின்னவள் அதே கல்லூரியின் அதே படிப்புக்கான கையேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தாள். பதினோராம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: படித்து முடித்த ஓராண்டில் எங்கள் மாணவர்களின் சராசரி மாதச் சம்பளம் நாற்பத்தாறாயிரம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பெரியவளுக்கு ஒரு படிவம் நினைவுக்கு வந்தது. வேலை போன அதே வாரம் கல்லூரியிலிருந்து வந்த படிவம். பெயர் வெளியே வராது, சம்பளத்தை மட்டும் போடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனாலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதக் கை வரவில்லை. ஐம்பத்தைந்து என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அவள் எழுதிய பொய் அச்சாகி, அவள் வீட்டு மேசைக்கே திரும்பி வந்திருக்கிறது. அதனால்தான் குளியலறையில் இவ்வளவு நேரம்.

“ஏம்மா, பன்னிரண்டு மணிக்குக் காலேஜ்ல இருக்கணும்” என்று அப்பாவின் குரல் கேட்டது. “உன் தங்கச்சி எப்பவோ செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிறா.”

“வந்துட்டேம்ப்பா.”

“சம்பளச் சீட்டு எடுத்துக்கிட்டியா? பேங்க்ல மறக்காம கொண்டுவரச் சொன்னாங்க. எனக்கு வயசாயிடுச்சாம், என் கையெழுத்து மட்டும் போதாதாம். நீயும் ஜாமீன் போடணுமாம்.”

பெரியவள் குழாயை மூடினாள். சம்பளச் சீட்டு பையின் உள் ஜிப்பில் இருக்கிறது. அதை எடுக்கலாம், அல்லது மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்று சொன்னால் ஒரு நாள் கிடைக்கும். ஒரு நாள் கிடைத்து என்ன செய்யப் போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. மூன்று மணிக்கு வங்கியில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால், தங்கை தலையிலும் ஆறு லட்சம் ஏறிவிடும். அதற்குள் வாயைத் திறந்தாக வேண்டும்.

பஸ்ஸில் மூன்று பேருக்கும் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. சின்னவள் நடுவில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். கோடு போட்ட நோட்டு, சிவப்பு மையில் தலைப்பு, நீல மையில் எண்கள். கடைக்காரி மாதிரி காதில் பென்சில் வேறு.

“அப்பா, நல்லா கவனிங்க. கடன் ஆறு லட்சம். படிச்சு முடிச்சதும் தவணை ஒன்பதாயிரத்து அஞ்சூறு. ஏழு வருஷம். இந்தப் பக்கம் சம்பளம் நாப்பத்தாறு. தவணை போக முப்பத்தாறாயிரத்து அஞ்சூறு நிக்கும். படிக்காம இப்பவே வேலைக்குப் போனா பதினெட்டோ இருபதோதான். மூணு வருஷம் சம்பாதிக்காம விட்டதையும் கழிச்சுட்டேன். அப்பவும் படிக்கிறதுதான் லாபம்.”

“காலேஜ்காரன் சொல்ற நம்பரை அப்படியே நம்பலாமா?” என்றார் அப்பா. லிஃப்ட்டில் எட்டுப் பேர் போகலாம் என்று எழுதியிருந்தால், கயிற்றைப் பார்க்காமல் நம்பாத மனிதர்.

“அதுக்குத்தான்ப்பா அக்கா இருக்காளே. அவங்க சொல்றது நாப்பத்தாறு, இவ வாங்கறது அம்பத்தஞ்சு. நம்ம வீட்டு ஆளை வச்சே சரிபார்த்தாச்சு.”

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கை இரண்டு சாட்சிகளை வைத்துக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறாள். இரண்டு சாட்சியும் ஒரே ஆள் என்பது அவளுக்குத் தெரியாது. பொருளாதாரம் படித்தவளுக்கு இதைவிடக் கேவலம் என்ன வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். முன் இருக்கைக்காரர் திரும்பி நேரம் கேட்டார். நேரத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். உண்மையில், அவர் கேட்காமல் இருந்திருந்தாலும் மூடியிருப்பாள்.

கல்லூரி அரங்கில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெற்றோர்கள் நிறைய வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேலையிலிருந்து நேராக வந்த உடையில் இருந்தார்கள். வேலைவாய்ப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மேடம், வாசலிலேயே பெரியவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

“அடடே, நீயா. உன்னைத்தான்மா தேடிக்கிட்டு இருந்தேன். போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கறே. மேடையில ஒரு ரெண்டு வார்த்தை பேசிடு. பழைய மாணவி பேசினா ஜனங்களுக்கு ஒரு தைரியம்.”

“இல்ல மேடம், நான் தங்கச்சிக்காக...”

“பேசுவா மேடம்” என்றார் அப்பா. அவர் அதற்குள் கைபேசியை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

மேடையில் ஏறி என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே முழுதாகச் சொல்லத் தெரியாது. ஆசிரியர்கள் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள், நூலகம் பெரியது, அப்படி ஏதோ சொன்னாள். இதில் பொய் எதுவும் இல்லை என்பதால் கொஞ்சம் மூச்சு வந்தது. இறங்கிவிடலாம் என்று படிப்பக்கம் திரும்பும்போது, மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கேன்டீன் சமையலறைச் சீருடை, தலையில் வலைத் தொப்பி.

“புத்தகத்துல போட்டிருக்கிறது இருக்கட்டும்மா” என்றாள் அந்தப் பெண். “உன் கையில மாசம் எவ்வளவு வருது? அதைச் சொல்லு.”

எல்லோரும் கேட்க நினைத்து, மரியாதைக்காகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. பெரியவள் கீழே பார்த்தாள். சின்னவள் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். அப்பா கைபேசியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

“அம்பத்தஞ்சாயிரம்” என்றாள் பெரியவள்.

கைதட்டினார்கள். சொன்ன வாய்க்கே அது கசந்தது. படிவத்தில் எழுதியபோது யாருடைய முகமும் எதிரில் இல்லை. இப்போது ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு முகம் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

இரண்டரை மணிக்குக் கூட்டம் முடிந்ததும் அப்பா சுறுசுறுப்பானார். வங்கி இரண்டு தெரு தள்ளித்தான். மூன்று மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்துவிடும், முன்னாலேயே போய் டோக்கன் வாங்கி வைக்கிறேன், நீங்கள் இருவரும் மெதுவாக வாருங்கள் என்று கிளம்பிவிட்டார். போகிற போக்கில் பெரியவளின் தலையில் கையை வைத்து ஒரு முறை அழுத்திவிட்டுப் போனார். அவர் பாராட்டுவது அப்படித்தான். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சின்னவளை டீ வாங்க அனுப்பிவிட்டு, பெரியவள் மேடத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

“மேடம், அந்தச் சராசரி. எத்தனை பேர் சொன்னதை வச்சுப் போட்டீங்க?”

மேடம் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஏம்மா கேக்கறே?”

“சும்மாத்தான் மேடம்.”

“அஞ்சு பேர்.”

“எங்க வகுப்புல அறுபத்திரண்டு பேர் மேடம்.”

“அறுபத்திரண்டு பேருக்கும் நான்தான் போன் பண்ணினேன். பாதிப் பேர் எடுக்கலை. எடுத்தவங்க அப்புறம் சொல்றேன்னாங்க. அஞ்சு பேர்தான் எழுதி அனுப்பினீங்க. அதுலயும் ஒருத்தன் அவங்கப்பாவோட டைல்ஸ் கடையில உக்காந்திருக்கான், எண்பதுன்னு எழுதியிருக்கான்.”

பெரியவளின் மூளை கேட்காமலேயே கணக்குப் போட்டது. ஐந்து நாற்பத்தாறு இருநூற்று முப்பது. டைல்ஸ் கடை எண்பது, தான் எழுதியது ஐம்பத்தைந்து. இரண்டையும் கழித்தால் தொண்ணூற்றைந்து. மிச்சம் மூன்று பேர், தலைக்கு முப்பத்திரண்டு கூட இல்லை. வாயே திறக்காத ஐம்பத்தேழு பேர் என்ன வாங்குகிறார்கள் என்பதை அவளால் ஊகிக்க முடிந்தது. அவர்களோடு ஒருத்தியாக அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த அளவுக்காவது நேர்மையாக இருந்திருக்கும்.

“மேடம், என்னோடதை எடுத்துடுங்க. அது நிஜம் இல்ல. நான் வாங்கறது இருபத்து மூவாயிரத்து அறுநூறு.”

மேடம் இப்போது திரும்பினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று பெரியவள் எதிர்பார்த்தாள். மேடம் களைத்துப்போனவளாகத்தான் தெரிந்தாள்.

“மூவாயிரம் கையேடு அச்சடிச்சாச்சும்மா. குறைச்சலா வாங்கறவங்க சொல்ல மாட்டேங்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்? வீட்டுக்கு வீடு போய்ப் பார்க்க முடியுமா? இப்ப மேடையில ஏறினியே, அங்க சொல்லியிருக்கலாமே. நான் மைக்கைப் பிடுங்கியிருக்க மாட்டேன்.”

பெரியவள் மேசைமேல் கிடந்த கையேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

“அடுத்த வருஷம் அச்சடிக்கும்போது மாத்தறேன்” என்றாள் மேடம், கொஞ்சம் தணிந்த குரலில். “இந்த வருஷம் ஒண்ணும் பண்றதுக்கில்ல. போ.”

வெளியே வராந்தாவில், கட்டணம் கட்டும் ஜன்னலுக்குப் போகும் வழியில், அந்தக் கேன்டீன் பெண் நின்றுகொண்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னைத்தான்மா பாக்கணும்னு நின்னேன். என் பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு பயந்துக்கிட்டு இருந்தா. நீ சொன்னதும் அவளுக்கே தெளிஞ்சுடுச்சு. முன்பணம் கட்ட வரிசையில நிக்கிறா. அந்தப் பொண்ணும் நம்மள மாதிரி வீட்டுப் பொண்ணுதானே, அது வாங்கும்போது நீ வாங்க மாட்டியான்னு சொன்னேன்.”

சொந்த வீட்டாரிடம் பதினான்கு மாதமாக வராத வார்த்தை, முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் வந்தது.

“அம்மா, நான் சொன்னது பொய்.”

“என்னது?”

“நான் அம்பத்தஞ்சு வாங்கலை. அதுல பாதி கூட இல்ல. அந்த வேலை போய் ரொம்ப நாளாச்சு. கடையில நிக்கிறேன். கடன் இன்னும் பாதிக்கு மேல இருக்கு. உங்க பொண்ணைச் சேர்க்கறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சுக்குங்க.”

அந்தப் பெண் பிடித்திருந்த கையை விட்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

“நூறு பேர் முன்னாடி மைக்குல சொன்ன பொய்யை, என் காதுல வந்து திருத்தறியே” என்றாள். “மத்தவங்க எல்லாம் நம்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்களே, அவங்களுக்கு யாரு சொல்றது?”

அவள் திட்டவில்லை. அதற்கு நேரம் இல்லை. செருப்பு தரையில் தேயத் தேயக் கட்டண ஜன்னலை நோக்கி ஓடினாள். ஓடும்போதே மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் ஜன்னலுக்குப் போவதற்குள் பணம் கட்டியாகிவிட்டதா, இல்லையா என்று பார்க்கக்கூடப் பெரியவளுக்குத் துணிவு இல்லை. எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

அங்கே இரண்டு கையிலும் இரண்டு டீயோடு சின்னவள் நின்றிருந்தாள்.

எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. முகமே சொன்னது. டீயைக் கீழே போடவெல்லாம் இல்லை. ஒன்றை அக்காவிடம் நீட்டினாள், மற்றதை வராந்தாச் சுவர்மேல் வைத்தாள்.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள்.

“பதினாலு மாசம்.”

“கையேட்டுல இருக்கிற நம்பர்?”

“அதுலயும் நான் இருக்கேன். அஞ்சு பேர்ல ஒருத்தி.”

சின்னவள் நோட்டைத் திறந்தாள். நாற்பத்தாறு என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். அதற்குக் கீழே ஐம்பத்தைந்து, ‘அக்கா’ என்று எழுதியிருந்த இடத்திலும் ஒரு கோடு. பக்கத்தில் வேறு எதுவும் எழுதாமல் மூடிவிட்டாள்.

“உன் சம்பளம் கம்மின்னு எனக்குக் கோபம் இல்லக்கா” என்றாள். “கடையில நிக்கிறேன்னு சொல்லியிருந்தா, நானே வந்து உனக்குச் சாப்பாடு கொடுத்துட்டுப் போயிருப்பேன். மூணு வாரமா ராத்திரி பகலா இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்தே. கோடு கோணலா வருதுன்னு ஸ்கேல் எடுத்துக் கொடுத்தே.”

பெரியவளுக்கு அழுகை வந்துவிட்டது. சின்னவள் சமாதானப்படுத்தவில்லை. டீயை நின்றபடியே குடித்து முடித்து, தம்ளரைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “நீதான் சொல்லணும்.”

வங்கிக்குப் போகிற இரண்டு தெருவும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே நடந்தார்கள்.

வங்கியில் அப்பா ஜன்னலுக்கு நேரெதிரே மூன்று நாற்காலி பிடித்து வைத்திருந்தார். ஒன்றில் அவர், ஒன்றில் குடை, ஒன்றில் கோப்பு. டோக்கன் எண் எழுபத்தொன்று. எதிரே பலகையில் அறுபத்தெட்டு எரிந்தது.

“வாங்க வாங்க, இன்னும் மூணு பேர்தான். சீட்டு எடும்மா, கையில வச்சுக்கலாம்.”

மறந்துவிட்டேன் என்று சொல்ல இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். பெரியவள் பையின் உள் ஜிப்பைத் திறந்தாள். சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவர் கையில் கொடுத்தாள்.

“இதை முதல்ல நீங்க படிங்கப்பா.”

அப்பா சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மெதுவாகத்தான் படிப்பார். எந்தக் காகிதமானாலும் மேல் வரியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வருவது அவர் வழக்கம். விரல் பாதிச் சீட்டில் நின்றது.

“வாடிக்கையாளர் திருப்பல் பிரிவுன்னா என்னம்மா?”

“வாங்கின சாமான் பிடிக்கலைன்னு ஜனங்க திருப்பிக் கொண்டுவருவாங்கல்லப்பா. அதை வாங்கிக்கிற இடம்.”

விரல் கீழே இறங்கியது. கடைசி வரியில் இருந்த தொகையில் வெகு நேரம் நின்றது.

“கம்பெனி?”

“ஏழு மாசத்துல அனுப்பிட்டாங்கப்பா. பயமா இருந்துச்சு. சொல்லலை.”

“சேமிப்புல போடறேன்னியே?”

“இல்லப்பா. ஒண்ணும் இல்ல.”

பலகையில் அறுபத்தொன்பது எரிந்து, பிறகு எழுபதும் எரிந்தது.

“அந்தக் கடையில நின்னுக்கிட்டு வேலையா, உக்காந்துக்கிட்டா?” என்று கேட்டார் அப்பா.

“நின்னுக்கிட்டுத்தான்.”

“நாள் பூராவுமா?”

“ஆமாம்ப்பா.”

அவர் நாலு அறை அறைந்திருந்தால் பெரியவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கண்ணாடியைக் கழற்றி அவர் சட்டை நுனியில் துடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். எழுபத்தொன்று என்று கூப்பிட்டார்கள். அப்பா எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். சின்னவள் போய் ஜன்னலில், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். எழுபத்திரண்டு எரிந்தது.

வெளியே வந்ததும் அப்பா வங்கியின் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் வருகிறவர்களுக்கு வழி விடவேண்டும் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“எனக்குப் படிப்பு வேண்டாம்னு நான் சொல்லலைப்பா” என்றாள் சின்னவள். “சரியான நம்பரை வச்சு மறுபடியும் கணக்குப் போடறேன். ஒத்து வந்தா படிக்கறேன். இல்லைன்னா வேற பாக்கலாம். இதுல ஒண்ணும் முழுகிப் போயிடலை.”

“முழுகிப் போயிடுச்சும்மா” என்றார் அப்பா.

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

“பேங்க்ல முழுசாக் கொடுக்க மாட்டாங்க. முக்கால்தான். மீதியை நாமதான் கட்டணும். எங்கிருந்து கட்டறது? முழங்காலும் ஏணி ஏற மாட்டேங்குது. விருப்ப ஓய்வுல போனா மொத்தமா ஒரு தொகை வரும். நேத்து எழுதிக் கொடுத்துட்டேன்.”

“அப்பா” என்றாள் பெரியவள்.

“மாச வருமானத்துக்குப் பெரியவ இருக்காளேன்னு நினைச்சேன். அம்பத்தஞ்சு வருது, சேமிப்பும் இருக்குன்னு நினைச்சேன். உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலை. இன்னைக்கு எல்லாம் முடிச்சுட்டு ஒண்ணா சொல்லலாம்னு இருந்தேன்.”

தான் பொய்யாகச் சொன்ன ஓர் எண் எங்கெங்கே போயிருக்கிறது என்பது பெரியவளுக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. தங்கையின் நோட்டுக்குப் போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பார்த்த வேலையை அப்பா விட்டுவிடும் வரைக்கும் போயிருக்கிறது. கூனிக் குறுகி நிற்பது என்று சொல்வார்களே, அப்படி நின்றாள்.

சின்னவள்தான் முதலில் சுதாரித்தாள். “உங்க ஆபீஸ் மேலாளர் அதுல கையெழுத்துப் போட்டாச்சாப்பா?”

“இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்பணும்னார். அனுப்பிட்டா அப்புறம் திரும்ப வாங்க முடியாது.”

மணி நாலே கால்.

“போன் பண்ணுங்கப்பா. வாபஸ் வாங்கிக்கறேன்னு சொல்லுங்க.”

அப்பா எண்ணை அழுத்தினார். ஒரு மணி அடித்ததும் துண்டித்துவிட்டார். மறுபடி அழுத்தினார், மறுபடியும் துண்டித்தார்.

“என்னன்னு சொல்றது?” என்றார் தாழ்ந்த குரலில். “யோசிச்சுட்டு வாய்யான்னு மூணு தடவை சொன்னார். என் பொண்ணு இருக்கா, எனக்கு என்ன குறைச்சல்னு சொல்லிட்டு வந்தேன். கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் இருந்தாங்க. டீ வாங்கிக் கொடுத்தேன்.”

வாழ்க்கையில் அவர் ஒருவரிடமும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதில்லை. கொடுத்தது தன் வேலையாகவே இருந்தாலும் கேட்க அவருக்கு வாய் வராது. பெரியவள் குனிந்து அவர் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை. எண்ணை அழுத்தினாள்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

“சார், வணக்கம். நேத்து விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தாரே, அந்த மெக்கானிக்கோட பெரிய பொண்ணு பேசறேன்.”

“யாரு, அந்த அம்பத்தஞ்சாயிரம் பொண்ணாம்மா?” மேலாளரின் குரல் பெரிது, படிக்கட்டில் இருந்த மூன்று பேருக்குமே கேட்டது. “உங்கப்பா வாயைத் திறந்தா உன் பேச்சுத்தான். இங்க எல்லாருக்கும் உன்னைத் தெரியும். சொல்லும்மா.”

“அது நான்தான் சார். ஆனா நான் வாங்கறது இருபத்து மூவாயிரத்து அறுநூறு. வீட்டுல பொய் சொல்லிட்டேன். அதை நம்பித்தான் அப்பா எழுதிக் கொடுத்துட்டார். அவரோட கடிதத்தை அனுப்ப வேண்டாம் சார்.”

மேலாளரின் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“உங்கப்பா பக்கத்துல இருக்காராம்மா?”

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். இல்லை என்று சொல்லச் சொல்லி ஆட்டினார்.

“இருக்கார் சார்” என்றாள் பெரியவள். “உங்ககிட்ட பேச வெட்கப்படறார். என்னாலதான்.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காகிதங்களைப் புரட்டும் சத்தமும் கேட்டது.

“கொஞ்சம் இரும்மா” என்றார் மேலாளர். “அந்தக் கடிதம் இன்னும் என் மேசை மேலதான் இருக்கான்னு பாக்கறேன்.”